வாசகர் கேள்வி பதில்: மூட்டம் போடும் ஊரில் சாப்பாட்டு மேசைக்கு என்ன பூச்சு?

கேள்வி: அண்ணா, வீட்டுக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரம் (தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்) காற்றில் சாய்ந்துவிட்டது. போன வருடம் அதை அறுத்துப் பலகையாக்கி வைத்திருந்தோம். இப்போது நானும் மாமாவும் சேர்ந்து ஆறடிக்கு மூன்றடி சாப்பாட்டு மேசை ஒன்று செய்துவிட்டோம். பூச்சுதான் பிரச்சினை. ஹார்ட்வெயார் கடையில் லக்கர் அடிக்கச் சொல்கிறார்கள். டவுனில் தளபாடம் செய்யும் பாஸ், மேசையைக் கொண்டு வந்தால் டூ கே அடித்துத் தருவதாகச் சொல்கிறார். யூடியூப்பில் எல்லாரும் லின்சீட் எண்ணெய் தேய்க்கிறார்கள். அம்மாவோ தேங்காயெண்ணெய் பூசினாலே போதும் என்கிறார். வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று வேளையும் கறி, சம்பல், சூடான தேத்தண்ணீர். எது நின்று பிடிக்கும்?
– வாசகர், டிக்கோயா

பதில்: தம்பி, டின்னைத் தேடிப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலகை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஜூன் மாதம் டிக்கோயாவில் பலகை அடுக்கியிருக்க மாட்டார்கள். மேசை செய்தபோது மிஞ்சிய துண்டு ஒன்று இருக்கும் அல்லவா, அதில் பலகையின் நடுப்பகுதியாக ஒரு கை அகலத்துக்கு வெட்டி (நுனித் துண்டு வேண்டாம், நுனி எப்போதும் முந்திக் காய்ந்துவிடும்), குசினியில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்துக் கிராம் கணக்கைப் பென்சிலால் அந்தத் துண்டிலேயே எழுதுங்கள். மேசை இருக்கும் அறையிலேயே துண்டும் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் மரம் இன்னும் தண்ணீர் விடுகிறது என்று அர்த்தம், பூச்சைத் தொடாதீர்கள்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், கேக் சுடும் அவண் வீட்டில் உள்ளவர்கள் அதே துண்டை 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து, நிறை இறங்காமல் நிற்கும் வரை காய வைக்கலாம். முதலில் 236 கிராம், கடைசியில் 200 கிராம் என்றால், போன தண்ணீர் 36 கிராம். அதை 200ஆல் பிரித்தால் 18 சதவீதம். மலைப்பக்கம் மழைக்காலத்தில் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றாலே மரம் 16 சதவீதம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கொழும்பில் ஏசி அறைக்குச் செய்கிறவர்கள் சொல்லும் 10, 12 என்ற கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 20க்கு மேலே இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இன்னொன்று, பலகையைக் கால் சட்டத்தோடு எப்படிப் பூட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பசை வைத்து இறுக்கி ஒட்டியிருந்தால் எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாது. மூன்றடி அகல மேசைப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையில் கால் அங்குலம் வரைகூட விரிந்து சுருங்கும். நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான். ஆணித் துவாரத்தை அகலவாட்டில் நீட்டி வெட்டி, வாஷர் போட்டு ஸ்குரூ பூட்டியிருந்தால் பலகைக்கு நகர இடம் இருக்கும்.

சரி, இனி பூச்சு. தேங்காயெண்ணெய் விஷயத்தில் அம்மாவோடு வாதாட வேண்டாம், ஆனால் பூசவும் வேண்டாம். அது காயாத எண்ணெய். எத்தனை மாதம் போனாலும் மரத்துக்குள் எண்ணெயாகவே கிடந்து, தூசியைப் பிடித்து, கடைசியில் காறல் வாடை அடிக்கும். அப்புறம் மனம் மாறி வேறு பூச்சு அடிக்க நினைத்தால் அந்த எண்ணெய்க்கு மேலே எதுவும் சரியாகப் பிடிக்காது. நல்லெண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான், பிசுபிசுவென்றே நிற்கும்.

லின்சீட், அதாவது ஆளி விதை எண்ணெய், உண்மையாகவே காய்கிற எண்ணெய். காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்துக் கட்டியாகிறது. பச்சை எண்ணெய்க்கு வாரக்கணக்கு ஆகும், கடையில் ‘பொயில்ட்’ என்று விற்பதில் உலோக உலர்த்திகள் கலந்திருப்பதால் சீக்கிரம் காயும். பார்க்க அழகு, கை வைத்தால் மரத்தையே தொடுவது போலிருக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துவிடலாம். ஆனால் தண்ணீரைத் தடுக்கிற சக்தி மிகக் குறைவு. ஈரக் கோப்பையை வைத்துவிட்டுப் போனால் வட்டம் விழும், பருப்புக் கறி சிந்தினால் மஞ்சள் உள்ளே இறங்கும். வருடத்துக்கு இரண்டு தரம் தேய்க்கப் பொறுமை உள்ள, பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அது சரி. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

லின்சீட் தேய்க்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று. எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே அடைபட்டு, நெருப்பே வைக்காமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் பிடித்தால் வரிசை முழுக்கப் போகிற லயத்துக் கூரையின் கீழ் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. துணியைத் தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே ஒற்றைத் துணியாக விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள்.

லக்கர். ஹார்ட்வெயார்க்காரர் சொன்னது பெரும்பாலும் என்சி, அதாவது நைட்ரோசெலுலோஸ், லக்கராகத்தான் இருக்கும். வேகமாகக் காயும், ஒரே நாளில் நாலு பூச்சு முடித்துவிடலாம், அதனால்தான் கடைக்காரர்களுக்கும் பாஸ்மார்களுக்கும் அதில் பிரியம். நம் ஊரில் அந்த வேகமே எதிரி. தின்னர் ஆவியாகிப் பறக்கும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. மூட்டம் போட்ட நாளில் 15 பாகை வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், மேற்பரப்பு இரண்டு பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள தண்ணீர் அதன் மேல் படிந்துவிடும். ஈரப் பூச்சுக்குள் அது மாட்டிக்கொள்ள, மேசை முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துப் போகும். மெதுவாகப் பறக்கும் ரிட்டார்டர் தின்னர் கலந்து பாஸ்மார் சமாளிப்பார்கள், வீட்டில் முதல் தரம் அடிக்கிறவருக்கு அது தலைவலி. வெளுக்காமல் அடித்து முடித்தாலும் சூடான சட்டியைத் தாங்காது, நகம் மெருகூட்டும் திரவத்தை அழிக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலே கரையும். அலுமாரிக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் நல்ல சாமான், சாப்பாட்டு மேசைக்குச் சரிவராது.

டூ கே என்றால் இரண்டு டின் கலந்து அடிக்கும் பொலியூரித்தேன். இருக்கிறவற்றில் கடினமானது அதுதான், சூடு, சாராயம், தின்னர் எல்லாவற்றையும் தாங்கும். பாஸிடம் மூடிய ஸ்ப்ரே அறையும் நல்ல கொம்பிரசரும் இருந்து, காசும் ஒத்து வந்தால் கொடுத்துவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்களே இஸ்தோப்பில் வைத்து ஸ்ப்ரே அடிக்க நினைக்காதீர்கள். ஹார்ட்னர் டின்னில் இருப்பது ஐசோசயனேட். அந்த ஸ்ப்ரேப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், துணி மாஸ்க் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தவிர அந்த ஹார்ட்னருக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. மூட்டத்தில் அடித்தால் ஈரத்தோடு வேலை செய்து வாயு கிளம்பி, பூச்சுக்குள் ஊசிமுனைக் கொப்புளங்களாக நிற்கும். பாஸிடம் கொடுத்தாலும் மழை விட்ட வாரமாகப் பார்த்துக் கொடுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது ஒற்றை டின் பொலியூரித்தேன் வார்னிஷ். எண்ணெய் அடிப்படையில் வருவது, டர்பன்டைனில் கரைவது, தூரிகையால் பூசுவது. டூ கே அளவுக்குக் கடினமில்லைதான், ஆனால் நின்று பிடிக்கும், தண்ணீரும் மஞ்சளும் உள்ளே போகாது, கொதிக்கிற தேத்தண்ணீர்க் கோப்பைக்கு அசையாது, ரொட்டிக் கல்லைத் தூக்கி நேரே மேலே வைக்காதவரை பிரச்சினை இல்லை. மெதுவாகக் காய்வதால் லக்கர் போல வெளுப்பதில்லை. அந்த மெதுவுக்குத் தூசி ஒட்டும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பூசுவது? சாண்ட் பேப்பர் 120, பிறகு 180, கடைசியில் 220, அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் முதல் பூச்சு பிடிக்க இடமில்லாமல் போகும். சவுக்கு மரத்தூள் சிலருக்கு உடம்பில் பட்டாலே தடித்து அரிக்கும், நீளக் கை சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். 220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக் காய விடுங்கள், மயிர் மயிராகச் சிலும்பு எழும்பும், அதைப் பழைய 220 தாளால் லேசாகத் தட்டிவிட வேண்டும். இதை இப்போது செய்யாவிட்டால் முதல் பூச்சில் எழும்பும்.

முதல் பூச்சுக்கு வார்னிஷ் நாலு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. அது மரத்துக்குள் இறங்க வேண்டும். தூரிகையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முக்காதீர்கள், டின் விளிம்பில் வழிக்காதீர்கள், வழித்தால் குமிழி டின்னுக்குள் போகும், உள்பக்கமாகத் தட்டிவிட்டாலே போதும். பலகையின் நீளவாட்டில் இழுத்துப் பரப்பி, கடைசியில் தூரிகை நுனி மட்டும் தொடுகிற மாதிரி ஒரே இழுவையில் முனையிலிருந்து முனை வரை போய்விட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் மேசையில் சாய்ந்து விழும்படி நின்று பாருங்கள், தூரிகைக் கோடுகள் சில நிமிடத்தில் தானாகவே படிந்து மறைவது தெரியும். மறையவில்லை என்றால் வார்னிஷ் கெட்டி, அடுத்த தடவைக்கு இன்னும் கொஞ்சம் டர்பன்டைன். பாதி காய்ந்ததை மறுபடி தூரிகையால் தொட்டீர்களோ, இழுவைத் தடம் நிலைத்துவிடும். ஈ ஒன்று விழுந்தால்கூட அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் சாண்ட் பண்ணி எடுங்கள்.

டின்னில் போட்டிருக்கும் காயும் நேரம் பெரும்பாலும் 25 பாகை வெப்பத்துக்குரியது. நம் குளிரில் அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், 320 தாளால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவாக உதிர்ந்தால் அடுத்த பூச்சு அடிக்கலாம். தாளில் உருண்டு ஒட்டினால் இன்னொரு நாள் விட வேண்டும். மேற்பக்கம் நாலு பூச்சு. அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள், அங்கேயும் இரண்டு பூச்சு கட்டாயம். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிய, மேற்பக்கம் அப்படியே நிற்க, பலகை வளைந்துவிடும். அறுத்த முனைகளுக்கு இன்னொரு பூச்சு கூட, அங்கேதான் மரம் அதிகமாகத் தண்ணீர் இழுக்கும். உங்கள் மேசைக்கு ஒரு லீற்றர் டின் போதும், கால்களுக்கும் எட்டும்.

பளபளப்பா, மங்கலா என்றால் நான் மங்கலையே சொல்வேன். பளபளப்பில் ஒவ்வொரு கரண்டிக் கீறலும் பல்லைக் காட்டும். மங்கல் வார்னிஷில் அதற்கான தூள் டின் அடியில் தங்கியிருக்கும், குலுக்காமல் குச்சியால் அடிவரை கிண்டிவிட்டுப் பூசுங்கள். வேண்டுமானால் முதல் மூன்றையும் பளபளப்பில் அடித்து, கடைசிப் பூச்சை மட்டும் மங்கலில் முடிக்கலாம். சவுக்குக்கு ஒரு தனி அழகு உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து தேயிலைக்கு நிழல் கொடுக்கிற மரம் என்று விறகுக் கணக்கில் பார்த்துவிடுகிறோம், மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடும் கதிர்க் கோடுகள் தெரிகிற மாதிரி அறுத்த பலகையில் அதன் வெள்ளிப் புள்ளிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேலே கறுப்புச் சாயம் அடித்து அதை மூடிவிடாதீர்கள்.

எப்போது அடிப்பது என்றால், டிக்கோயா, ஹட்டன், நோர்வூட் பக்கமெல்லாம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. உங்களுக்கு நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். காலை மூட்டம் விலகிய பிறகு பத்து மணியளவில் தொடங்கினால், பின்னேரம் மறுபடி மூட்டம் இறங்குவதற்குள் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பூச்சு முடிந்த மறுநாளே ரெக்சீன் விரிப்பைப் போட்டுவிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு அதைப் போடாதீர்கள். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இறுகிக்கொண்டுதான் இருக்கும், பிளாஸ்டிக்கால் மூடினால் காற்றுப் போகாமல் ஒட்டிக்கொண்டு, விரிப்பிலுள்ள பூ டிசைன் அப்படியே மேசையில் பதிந்துவிடும். ஒரு வாரத்துக்குப் பிறகு சாப்பிடத் தொடங்கலாம், சட்டிக்குக் கீழே மட்டும் பலகைத் துண்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மேசையில் சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம். இன்னொரு இடத்தில் கறுப்புக் கறை, அது தேத்தண்ணீர் சிந்திய இடம் என்று நினைக்கிறேன். மஞ்சள் கறையும் உண்டு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அவசரப்படாதீர்கள் அக்கா. முதலில் என்ன பூச்சு என்று கண்டுபிடியுங்கள். மேசையின் அடிப்பக்கத்தில் மறைவான இடத்தில் மெதிலேற்றட் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பழைய பிரெஞ்சு பொலிஷ். துரைமார் பங்களாக்களில் இருந்து ஏலத்தில் வந்த மேசைகளில் பெரும்பாலும் அதுதான். (அந்த மேசைகளில் தீபாவளிக்குச் சாராயப் போத்தல் வைக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.) ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியூரித்தேன் வகை.

வெள்ளை வட்டம் பயப்படத் தேவையில்லாதது. ஆவி பூச்சுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தலைமயிர் காய வைக்கும் ட்ரையரை எட்டிப் பிடித்து மெல்லிய சூடு காட்டுங்கள், பல நேரம் அதற்கே மறையும். கறுப்பு வேறு கதை. தேயிலைச் சாயத்திலும் மரத்திலும் டனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, அது இரும்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். துருப்பிடித்த சட்டி அடியோ, பாத்திரம் தேய்க்கும் இரும்புப் பஞ்சின் துணுக்கோ அங்கே இருந்திருக்கும். அது பூச்சுக்குக் கீழே மரத்திலேயே உள்ளது, பூச்சை எடுத்துவிட்டு ஒக்சாலிக் அசிட் கரைசல் வைத்தால்தான் போகும், அது நஞ்சு, கையுறை போட்டு, பிள்ளைகளை எட்ட வைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

மஞ்சளுக்கு வைத்தியம் வெயில். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடுங்கள், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் உங்கள் ஊவாப் பக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கறை சிவந்தால் திடுக்கிடாதீர்கள், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும், தண்ணீரால் நன்றாக அலசித் துடைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: எபொக்ஸி ஊற்றிக் கண்ணாடி போல மேசை செய்ய ஆசை. நுவரெலியாவில் சரிவருமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: 1868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகைக் குளிரில், எபொக்ஸி தேன் போலக் கெட்டியாகி, குமிழி மேலே வராமல் உள்ளேயே நின்றுவிடும். இறுகவும் நாள் எடுக்கும், ஈரக் காற்றில் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று படியும். அறையைச் சூடாக்கி, டின்னை வெந்நீரில் வைத்து இளக்கினால் செய்யலாம்தான். ஆனால் சாதாரண எபொக்ஸி 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும், சோற்றுப் பானை அதைவிடச் சூடு. வரவேற்பறை டீப்போவுக்கு ஊற்றுங்கள், சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

கேள்வி: வார்னிஷ் அடித்த மேசையில் ரொட்டி மாவை நேரடியாக வைத்துப் பிசையலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: முழுதாக இறுகிய பிறகு வைத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஒரு மாதம் கழியட்டும். ஆனால் மேசையிலேயே கத்தியால் வெட்ட வேண்டாம், பூச்சு கிழிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். வெட்டுவதற்கு எண்ணெய் மட்டும் தேய்த்த தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதி டின் வார்னிஷ் மிஞ்சியது. இரண்டு மாதத்தில் மேலே தோல் கட்டிவிட்டது. எறிய வேண்டுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தோலைச் சுற்றிக் கத்தியால் வெட்டி முழுதாகத் தூக்கி எடுங்கள், கிண்டி உடைக்காதீர்கள். கீழே இருப்பது இன்னும் நீராக ஓடினால், பழைய நைலோன் காலுறையில் வடித்து எடுத்துப் பாவிக்கலாம். ஜெலி போல ஆகியிருந்தால் எறிவதுதான். டின்னுக்குள் இருக்கிற காற்றே அதைக் காய வைக்கிறது, அதனால் அடுத்த முறை மிஞ்சியதைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் கழுத்து வரை நிரப்பி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.